சுறாப்புட்டுப் பாட்டுக்காரர்

எங்கள் கொமினிகேஷன் கடையில் குளிர்பானம் வைக்கிற பிரிஜ் பழுதாகிப்போன ஒரு காலையில்தான் அதைத் திருத்த அவர் வந்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு உடம்பில் பாதியை அதற்குள் நுழைத்திருந்தார். நான் ஒரு ரீச்சருக்கு போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கடைக்குள் ஒரு சத்தம் எழுந்தது. மனிதத் தொண்டையிலிருந்து வந்த சத்தமாக அது எனக்குத் தோன்றவில்லை. ரீச்சர் செருப்பையும் விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். எதிர்க்கடை நகைப்பத்தர் சுத்தியலும் கையுமாக வந்து வாசலில் நின்றார்.

பிரிஜுக்குப் பின்னாலிருந்து அவர் எழும்பினார். ஆறடிக்கு மேல் உயரம். தோள்வரை வளர்ந்த முடியை றப்பர் வளையத்தால் கட்டியிருந்தார். கறுப்பு ரீசேட். முகத்தில் மட்டும் பாலர் வகுப்புப் பிள்ளையின் சிரிப்பு.

“ஒண்டுமில்ல. விரல் நசிஞ்சு போச்சு.”

“விரல் நசிஞ்சதுக்கா மனே இந்தச் சத்தம்?” என்றார் பத்தர்.

“சின்ன நோவுக்குத்தான் நல்லாக் கத்த ஏலும் அண்ணன். பெரிய நோவெண்டா சத்தம் வராது.”

பத்தர் சிரித்துக்கொண்டு திரும்பிப் போனார். நானும் சிரித்தேன். அதை ஒரு பகிடியாகத்தான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

யுத்தநிறுத்தம் வந்து, கல்லடிப் பாலத்தின் இரண்டு பக்கமும் சனம் கொஞ்சம் பயமில்லாமல் நடமாடத் தொடங்கிய காலம் அது. எங்கள் கடை மட்டக்களப்பு நகரத்துக்குள் இருந்தது. அவருடைய வீடு பாலத்துக்கு அப்பால், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடந்த ஒடுங்கிய மணல் துண்டில். டோகாவில் சில வருசம் ஏசி திருத்துகிற வேலை செய்திருந்தார். அங்கே பக்கத்துக் கட்டிலில் படுத்த பிலிப்பைன்ஸ்காரன் ஒருவனிடம் கித்தார் பழகினார். தொண்டையைக் கிழித்துப் பாடும் மெட்டல் பாட்டும், மூன்று நிமிடத்தில் முடிந்துபோகிற பங்க் பாட்டும் அவனிடமிருந்து வந்தவைதான். அவர் ஊருக்குத் திரும்பியதும் மனைவி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். ஒருவர் வந்தால் ஒருவர் போவது அந்தக் கரையில் வழக்கம். ஐந்து வயது மகளை, கிளி என்று கூப்பிடுவார்கள், அவருடைய தாய் பார்த்துக்கொண்டார்.

பிரிஜைத் திருத்தி முடித்த அன்றே அவர் என் கொம்பியூட்டரைக் கண்டுவிட்டார்.

“தங்கச்சி, இதில பாட்டு ரெக்கோட் பண்ண ஏலுமா?”

“ஏலும். ஆனா என்ன பாட்டு?”

“நுளம்பப் பத்தி.”

நான் விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்த கிழமை மூன்று பேர் வந்து இறங்கினார்கள். கித்தாரோடு அவர். பேஸ் கித்தாரோடு காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர், முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அவரை எல்லோரும் காக்கா என்போம். ட்ரம்ஸ் அடிக்க, தேவாலயப் பாட்டுக்குழுவில் இருந்த ஒரு தச்சுத் தொழிலாளி. குழுவின் பெயர் சுறாப்புட்டு. தச்சரின் மனைவிக்கு அந்தப் பெயர் கடைசிவரை பிடிக்கவில்லை. “புள்ளப்பெத்தவளுக்குப் பால் ஊறக் குடுக்கிற சாமான இப்பிடிப் பேய்க்கூத்துக்குப் பேரா வைக்கிறதா?” என்று என்னிடமே வந்து முறையிட்டார்.

கடையின் பின்னறைச் சுவரில் சாக்கும் முட்டை அட்டையும் அடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தோம். உள்ளே வேர்த்துக் கொட்டும். வெளியே வெளிநாட்டுக்கு டெலிபோன் எடுக்க வந்த சனம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மற்றக் காதால் பிள்ளைகளோடு பேசும். அவர் மைக்கைக் கடிப்பதுபோல வாய்க்குள் வைத்துக்கொண்டு, உலகமே அழியப்போகிற ஆவேசத்தோடு பாடுவார்:

“நுளம்பே, நீ என்ட சொந்தக்காரன்!
என்ட ரத்தம் உன்ட உடம்பில ஓடுது!
கலியாணத்துக்கும் சொல்லாம வாறாய்,
காதுக்குள்ள வந்து பாட்டும் பாடுறாய்!”

எல்லாப் பாட்டும் அப்படித்தான். நிற்பாட்டாமல் போன பஸ்ஸுக்கு ஒன்று. கருவாட்டைத் தூக்கிய காகத்துக்கு ஒன்று. இடது கால் செருப்பு மட்டும் அறுந்து போவதைப் பற்றி ஒன்று. பாட்டில் மட்டும் என்றில்லை, ஆளே அப்படித்தான். சைக்கிள் செயின் கழன்றால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்துவார். ஒரு மனிதரைப் பார்த்துக் குரல் உயர்த்தியதை நான் கண்டதில்லை. ஒருநாள் கேட்டேன்.

“அண்ணன், இவ்வளவு தொண்டை இரிக்கு. ஊரில எவ்வளவு நடக்குது. அதுகளப் பாடினா என்ன?”

கித்தார்க் கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பெரிய விசயத்துக்குக் கத்தினா புடிச்சிட்டுப் போயிருவாங்க தங்கச்சி. நுளம்புக்குக் கத்தினா ஆரு கேக்கப்போறான்? சனத்துக்குக் கத்த வேணும். என்னத்துக்கெண்டு நான் ஒரு சாட்டுக் குடுக்கிறன். அவ்வளவுதான்.”

பாலத்தடிச் சென்றிக் காவலரணில் அந்த முடியையும் கித்தார்ப் பெட்டியையும் கண்டால் ஆமிக்காரர் விடமாட்டார்கள். ஒருமுறை பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டு, என்ன பாட்டுப் பாடுவாய் என்று கேட்டிருக்கிறான் ஒருவன். இவர் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நுளம்புப் பாட்டைப் பாடிக் காட்டினார். மணல் மூட்டைக்குப் பின்னால் இரவிரவாக நுளம்புக்கடி வாங்குகிறவன் அவன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தானாம். அதற்குப் பிறகு இவர் அந்தப் பக்கம் போனால், “மதுருவா, கொஹெத யன்னே?” என்று கேட்பார்கள். நுளம்பே, எங்கே போகிறாய் என்று. இவரும் காதுக்கருகில் கையை வைத்து, “ங்ங்ங்...” என்று இரைந்துவிட்டுக் கடந்து போவார்.

கடைசிப் பாட்டுத்தான் நாங்கள் வெளியிட இருந்த சீடியின் பெயரும்: ‘கரண்ட் வந்திட்டு’. அந்தக் கரையில் பொழுதுபடுகிற நேரம் கரண்ட் போகும். திரும்பி வருகிறபோது ஊர் முழுக்க, வயது வித்தியாசம் இல்லாமல், “வந்திட்டு!” என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தோடுதான் பாட்டு முடிய வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். பெட்டரியில் ஓடுகிற டேப் ரெக்கோடரையும் ஒரேயொரு மைக்கையும் தூக்கிக்கொண்டு நான் அவருடைய ஊருக்குப் போனேன்.

முற்றத்தில் அயல் சனம் எல்லாம் கூடியிருந்தது. பள்ளிக்கூடத்தில் படம் பிடிக்கிறதுபோலச் சின்னப் பிள்ளைகளை முன்னுக்கும் பெரியவர்களைப் பின்னுக்கும் நிறுத்தினார். கையைக் காட்டினால் மட்டும் கத்த வேண்டும் என்று பாடம் எடுத்தார். கரண்ட் போனது. இருட்டுக்குள் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டுப் பூமணியக்காவின் மகன் சுதன், பதினைந்து பதினாறு வயதிருக்கும், நாய் மாதிரிக் குரைத்து வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வெளிச்சம் வந்த கணத்தில் அவர் எடுத்த பாடம் எல்லாம் பறந்துபோனது. “வந்திட்டு!” என்று முற்றமே வெடித்தது. நல்ல நீளமான சத்தம். அது அடங்கியதும், சுதன் தன் வீட்டுப் பக்கம் திரும்பி, “ஃபேனப் போடுங்கடா!” என்று கத்தினான். அதே கணத்தில்தான், அதுவரை குந்தியிருந்து செருப்புக்குள் மணல் நிரப்பிக்கொண்டிருந்த கிளி தலையை நிமிர்த்திப் பார்த்து, ஊர் கத்தி முடித்த பிறகு, சுதனின் சத்தத்துக்கு மேலேயே, “வந்திட்டு!” என்றாள்.

முற்றம் விழுந்து விழுந்து சிரித்தது. இன்னொருமுறை எடுப்போமா என்று கேட்டேன். போட்டுக் கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார்.

“தொடாத தங்கச்சி. பாட்டு இதிலதான் முடியுது.”

மற்றப் பாட்டெல்லாம் கேட்டுக் களைத்தவர்களும் அந்தப் பாட்டுக்கு மயங்கிப்போனார்கள்.

“கரண்ட் போச்சு!
கறிக்குள்ள உப்பு ரெண்டுதரம் போச்சு!
மாமி எண்டு நினைச்சு ஆட்டுக்கு வணக்கம் சொன்னன்!
ஆடு எண்டு நினைச்சு மாமிக்குக் குழை குடுத்தன்!”

பிறகு அந்தச் சத்தம். பிறகு சுதனும் கிளியும். தைப்பொங்கலுக்கு வெளியிடுவதாக இருந்தது. மட்டை அச்சாகி வந்துவிட்டது. கொப்பி அடிக்கத்தான் மிச்சம்.

டிசம்பர் இருபத்தாறு, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, நகரத்து ஹோட்டல் ஒன்றில் ஐஸ்கிரீம் பெட்டி நின்றுபோய்விட்டதென்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். பாலத்துப் பக்கமிருந்து நனைந்த சனம் வரத் தொடங்கியது. கடல் வந்துவிட்டது என்றார்கள். கடல் எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை. வந்தவர்களுக்கு எதிர்ப்பக்கமாக ஓடிய ஒரே மனிதராக அவரை என் வாசலால் கண்டேன். கையில் இன்னும் ஸ்க்ரூ ட்ரைவர் இருந்தது. “அண்ணன்!” என்று கூப்பிட்டேன். காதில் விழவில்லை.

தாயையும் கிளியையும் அவரே தேடி எடுத்து அவரே மணலில் அடக்கம் செய்தார். தச்சர் கிடைக்கவில்லை. காக்காவின் வீட்டிலும் இழப்பு. பிறகு காக்கா துணிக்கடையையும் கைவிட்டு வெளிநாடு போய்விட்டார். பூமணியக்காவைச் சுதன் கோயில் மதிலுக்கு மேல் இழுத்து ஏற்றிக் காப்பாற்றியிருந்தான்.

சில நாள் கழித்துப் பாட்டுக்காரர் கடைக்கு வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். அவர் கத்துவார் என்று நான் காத்திருந்தேன். கத்தினால் நல்லது என்று நினைத்தேன். அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குவைத்திலிருந்து கோல் வந்ததா என்று கேட்டார். லைன் இன்னும் சரிவரவில்லை என்றேன்.

லைன் வந்ததும் கோல் வந்தது. அவரைக் கூப்பிட்டு ரிசீவரைக் கையில் கொடுத்தேன். “ம்” என்றார். மறுபடியும் “ம்”. பிறகு, “நான் டவுனுக்குள்ள நிண்டன்,” என்றார். அந்தப் பக்கத்தில் அந்தப் பெண் கத்தியது எனக்கு மேசையடிவரை கேட்டது. இவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் அந்தச் சத்தம் முழுவதையும் வாங்கிக்கொண்டு நின்றார். அங்கே வேலைக்கு வைத்திருந்த முதலாளி பாஸ்போட்டைக் கொடுக்கவில்லை. மனைவியால் ஊருக்கு வரவும் முடியவில்லை.

அடுத்த கோலில் அந்தப் பெண் ஒன்றே ஒன்று கேட்டாராம். கிளியின் சத்தத்தை ஒருக்காக் கேட்க வேண்டும் என்று.

நான் ஸ்பீக்கரைக் கூட்டிவைத்து ரிசீவரை அதனருகில் பிடித்தேன். நேரே முடிவுக்குப் போகட்டா என்று கேட்டேன். “வேணாம். முதல்ல இரிந்து போடு,” என்றார். ஆட்டுக்கு வணக்கம், மாமிக்குக் குழை எல்லாம் குவைத்துக்குப் போனது. பிறகு முற்றத்துச் சத்தம். பிறகு கிளி. பாட்டு முடிந்தது. அவர் ரிசீவரை வாங்கி, “கேட்டிச்சா?” என்றார். என்ன பதில் வந்ததென்று எனக்குத் தெரியாது.

டெலிபோனுக்காக வரிசையில் நின்ற ஒரு மனிதர், மேசன் வேலை செய்கிறவர், மேசையடிக்கு வந்தார். “தம்பி, இது நம்மட ஊர்ச் சத்தமெலா? என்ட மகனும் இதில நிண்டவனா?” என்று கேட்டார்.

“ஓம். எந்தப் பக்கம் நிண்டவர்?” என்றார் பாட்டுக்காரர்.

“முன்னுக்குத்தான் நிண்டிரிப்பான். ஆள் சின்னன்.”

“ஓம், முன்னுக்கு. இரிங்க, போடுறன்.”

பாட்டு ஓடியது. அந்தச் சத்தம் வந்தபோது அவர் ஒரு விரலை நீட்டி, “இந்தா, இந்த இடத்தில,” என்றார். மேசன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ஓம். ஓம், கேக்குது,” என்றார்.

மேசன் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த மேசனின் மகன் பாட்டுப் பதிந்த அன்று பின்னேரம் ஊரிலேயே இல்லை. கதிரவெளியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தான். அவன் இல்லாமல் பந்து விளையாட ஆளில்லை என்று பிள்ளைகள் அன்று குறைசொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. நின்றிருந்தாலும்தான் என்ன? ஒற்றை மைக்கில் விழுந்த அத்தனை பேரின் சத்தம் அது. அதற்குள் ஒருவரைப் பிரித்து யாராலும் கேட்க முடியாது. கடைசியில் தனியாக வருகிற சுதனையும் கிளியையும் தவிர.

“அண்ணன், அவங்கட மகன் அண்டைக்கு இல்லயே,” என்றேன்.

“தெரியும்.”

“மறுகா ஏன் அப்பிடிச் சொன்னீங்க?”

“புடிச்ச மைக் ஒண்டுதான் தங்கச்சி. கேக்கிற காது எவ்வளவு இரிக்கு.” பாட்டை மறுபடியும் முதலுக்குக் கொண்டுவந்துவிட்டு, “வந்த மனிசன வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?” என்றார்.

அதற்குப் பிறகு சனம் வரத் தொடங்கியது. ஒருவரிடமிருந்து ஒருவர் கேள்விப்பட்டு முகாமிலிருந்தும் தகரக் கொட்டில்களிலிருந்தும் வந்தார்கள். பெரும்பாலும் ஞாயிறு பின்னேரங்களில், கடை ஓய்ந்திருக்கிற நேரம். அவர் எல்லோரையும் பின்னறையில் உட்காரவைத்து முதலிலிருந்து போடுவார். கொப்பி கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. “தனிய இரிந்து கேக்கிற பாட்டில்ல இது,” என்பார். அழுதுகொண்டு வந்த தாய்மார் மாமிக்குக் குழை கொடுக்கிற இடத்தில் தங்களை அறியாமல் சிரித்துவிடுவார்கள். சிரித்த குற்றத்துக்காக மறுபடியும் அழுவார்கள். சத்தம் வந்ததும் அவருடைய விரல் நீளும். உங்கட மகள் இந்தா. உங்கட தம்பி இந்தா, கொஞ்சம் பின்னால. ஒருவர்கூட இல்லை, கேட்கவில்லை என்று சொன்னது கிடையாது. முடிவில் கிளியின் குரல் வரும்போது மட்டும் அவர் விரலை நீட்டமாட்டார். அது யாருடைய குரல் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் குனிந்துகொள்வார்கள்.

எனக்கு அதில் முழுச் சம்மதம் இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் வந்தவர்கள் போகும்போது வந்ததைவிட நிமிர்ந்து நடந்ததையும் நான்தான் கண்டேன்.

பூமணியக்கா வரவில்லை. அவருடைய பிள்ளை உயிரோடு இருந்ததால் வரத் தேவையும் இருக்கவில்லை. அடுத்த வருசம் டியூசனுக்குப் போன சுதனை, ஆயுதத்தோடு வந்த ஆட்கள் வழியில் மறித்துக் கொண்டுபோனார்கள். சில காலத்தின் பின் அவனை வன்னியில் கண்டதாக ஒரு லொறிக்காரர் சொன்னார். அவ்வளவுதான் செய்தி. அதற்குப் பிறகு பூமணியக்கா என் கடை இருக்கிற பக்கத்தால் நடப்பதையே விட்டுவிட்டார். ஒருநாள் சந்தையில் பிடித்து நிறுத்தி, வந்து இருந்துவிட்டுப் போங்களேன் அக்கா என்று கூப்பிட்டேன்.

“நான் வரமாட்டன் புள்ள,” என்றார். “அது செத்தாக்களக் கேக்கிற இடம்.”

யுத்தம் முடிந்த வருசம் வானொலியில் வெற்றிச் செய்தி போனது. அதற்குப் பிறகு முகாம்களில் இருப்பவர்கள், சரணடைந்தவர்கள் என்று கதை கதையாக வந்தது. பூமணியக்கா ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக வவுனியாவுக்கு வெளிக்கிட்டார். அதைக் கேள்விப்பட்டதும் பாட்டுக்காரர் என் கடைக்கு வந்து கத்தரிக்கோல் கேட்டார். எதற்கு என்று நினைத்துக்கொண்டே கொடுத்தேன். பின்னறைக்குள் போய், தோள்வரை கிடந்த முடியைத் தானே வெட்டிப்போட்டுவிட்டு வந்தார். கழுத்து வெள்ளையாகத் தெரிந்தது. வேறு யாரையோ பார்ப்பது போலிருந்தது.

“இந்த முடியோட போனா சென்றிக்குச் சென்றி நிப்பாட்டுவான். அக்காக்குக் கரச்சல்,” என்றார்.

பலமுறை இரண்டு பேரும் போய் வந்தார்கள். முள்ளுக்கம்பிக்கு வெளியே வெயிலில் நின்று, உள்ளே நடமாடுகிற ஒவ்வொரு இளைஞனின் முகத்தையும் பார்ப்பார்களாம். “எங்கயும் பகிடி விடல்லையா அண்ணன்?” என்று ஒருநாள் கேட்டேன். “அங்க நுளம்பும் இரிந்திச்சு தங்கச்சி. வாய் வரல்ல,” என்றார்.

ஒரு பின்னேரம் பூமணியக்கா தானாகவே என் கடை வாசலில் வந்து நின்றார். கடைசியாகப் போன இடத்தில் யாரோ, மகன் இறந்துவிட்டதாகப் பதிந்துகொள்ளுங்கள், நிவாரணம் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

“புள்ள, ஒரு உதவி. சுதன்ட சத்தம் அந்தப் பாட்டில கிடக்குதாமே?”

“ஓம் அக்கா.”

“அத எடுத்திரு.”

எனக்கு விளங்கவில்லை.

“அவன் அதில நிக்கப்படாது. செத்தாக்களுக்கு நடுவில அவன் என்னத்துக்கு நிக்கிற? அவன் வருவான். வந்தா, உன்னையும் அவங்களோட வைச்சிக் கேட்டமெண்டு நான் எப்பிடிச் சொல்ற? எடுத்திரு மகள். எங்கயும் இரிக்கப்படாது.”

பாட்டுக்காரர் அந்த நேரம் உள்ளே பிரிஜுக்கருகில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். வெளியே வந்து, “எடுக்கிறம் அக்கா. நான் சத்தியம் பண்ணித் தாறன். நீங்க போங்க,” என்றார்.

பூமணியக்கா தெருமுனையில் திரும்பியதும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணன், என்ன சொல்லிட்டீங்க? சுதனையும் கிளியையும் பிரிக்க ஏலா. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கத்தின. ஒரே மைக். சுதன வெட்டினா கிளியும் போயிருவா.”

“தெரியும்.”

“ஒரு கொப்பி எடுத்து ஒளிச்சு வைப்பம். அவக்குத் தெரியவா போகுது?”

“சத்தியம் பண்ணிட்டனே.”

எவ்வளவோ பேருக்கு விரல் நீட்டிப் பொய் சொன்ன மனிதர், இந்த ஒன்றில் பொய் சொல்ல மறுத்துவிட்டார். டெலிபோன் பெட்டிக்குள் போய்க் குவைத்துக்கு எடுத்தார். மனைவி இடையில் ஒருமுறை ஊருக்கு வந்து, அந்தக் கரையில் இருக்க முடியாமல் திரும்பவும் போயிருந்தார். கண்ணாடிக்குள் அவர் பேசுவது தெரிந்தது. பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். வெளியே வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தார்.

“என்ன சொன்னாங்க?”

“‘நம்மட புள்ள எங்க கிடக்காவெண்டு நமக்குத் தெரியும். அந்த அக்காக்கு அது தெரியாதே. எடுங்க’ எண்டா.”

பின்னறையில் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தோம். ஒருமுறை கேட்டுவிட்டு அழிப்போமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கேட்டால் தன்னால் முடியாது என்றார். திரையில் அந்தச் சத்தம் ஒரு மலைபோல எழும்பி இறங்கி, முடிவில் ஒரு சின்ன மேடாகத் தெரிந்தது. அந்த மேட்டைத் தெரிவு செய்தேன். அழிக்கிற பொத்தானில் விரலை வைத்தேன். அவர் என் கைக்கு மேல் கையை வைத்துத் தானே அழுத்தினார். பழைய டேப்பையும் வாங்கி, நாடாவை உருவி எடுத்துக் கொண்டுபோனார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

பிறகு வந்த ஞாயிறுகளில் அவர் பாட்டைப் போடவில்லை. சனம் வந்து விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூமணியக்கா வந்தார். இந்தமுறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வாங்கில் மேசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு ஏழெட்டுப் பேர் இருந்திருப்பார்கள்.

“இனி நானும் கேக்கலாம்தானே தம்பி?” என்றார். “இவங்கட புள்ளைகளெல்லாம் என்ட முற்றத்தில விளையாடினதுகள். இவ்வளவு நாளும் வந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட ஏலாமப் போச்சு எனக்கு.”

அவர் பாட்டைப் போட்டார். ஆட்டுக்கு வணக்கம் சொன்ன இடத்தில் பூமணியக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஊர்ச் சத்தம் வந்தது. அவர் ஒவ்வொருவருக்காக விரல் நீட்டினார். சத்தம் அடங்கியது. அதோடு பாட்டும் நின்றது.

எத்தனையோ ஞாயிறுகள் அதைக் கேட்டவர்கள் அவர்கள். முடிவில் என்ன வரவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேசன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுதனின் சத்தம் இல்லை என்பதையும், பக்கத்தில் பூமணியக்கா இருப்பதையும் அவர்கள் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பாட்டை அதற்கு முன் ஒருமுறையும் கேட்காத பூமணியக்கா மட்டும் கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: “எல்லாரையும் காட்டின. கிளி எங்க தம்பி?”

பாட்டுக்காரர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இரண்டாவது முறையும் திறந்து மூடினார். விரல் பாதி நீண்டு அந்தரத்தில் நின்றது.

மேசன் எழும்பி மேசையடிக்கு வந்தார். “இன்னொருக்காப் போடு புள்ள,” என்று என்னிடம் சொன்னார். போட்டேன். அந்தச் சத்தம் வந்ததும் சுண்ணாம்பில் வெடித்த தன் விரலை நீட்டி, “இந்தா அக்கா, இந்த இடத்தில. கேளுங்க, முன்னுக்கு,” என்றார்.

“ஓம், அதுதான்,” என்றார் பின்னாலிருந்த ஒரு தாய்.

“கேக்குது, நல்லாக் கேக்குது,” என்றார் இன்னொருவர்.

பாட்டுக்காரர் அங்கிருந்த ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மேசன் காட்டிய பக்கம் தலையைச் சாய்த்து, கேட்கத் தொடங்கினார்.